சிப்பாய்கள் குறைந்த குளிர்காலம்

ஜூலை 16, 2020
ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பில்லை, என் மூக்கில் மணமில்லை. இரண்டுக்கும் நல்ல பொருத்தம். எங்கள் ஊர் உம்லாசியே இந்த வார்டில் படுத்திருக்கிறது, பேச ஒருத்தி இல்லை.

சிஸ்டர் செலே குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "லிண்டிவே, உன் சிப்பாய்ங்க ரொம்பக் குறைஞ்சிருக்காங்கம்மா. நூத்தி எண்பதுதான்."

எச்.ஐ.வி. என்று எங்கள் பக்கம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது தின்கிற ரத்த அணுக்களைச் சிப்பாய்கள் என்போம். போன வருடம் எனக்கு அறுநூறு. ஒரு நாள்கூட மாத்திரையை விட்டதில்லையே. அதுவும் கைவிட்டதா?

ஜூலை 17
போனில் அக்கா டுடுசிலே. "டாக்டர் என்ன சொன்னாரு?"

அழுகையில் வாய் தவறிவிட்டது. "சிப்பாய்ங்க குறைஞ்சுட்டாங்களாம்."

சட்டென்று மாற்றினேன் — ரோட்டுல அக்கா, ஊரடங்குக்கு நிக்கிறாங்களே, அந்தச் சிப்பாய்ங்க.

"அப்படியா. நல்லது, தடையை மீறி பீர் தேடிப் போறவனுங்க அடி வாங்காம வருவானுங்க" என்றாள்.

நம்பிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு இந்த நோய் என்று தெரிந்ததும் அவள் குடித்த குவளையைத் தூக்கி எறிந்தவள் அக்கா. புருஷன் போனபின் எனக்கிருக்கும் ஒரே வீடு அவளுடையது. எப்படிச் சொல்வேன்?

ஜூலை 18
சிஸ்டர் செலே கட்டிலோரம் உட்கார்ந்தாள். "மாத்திரை தோக்கலம்மா. பழைய கிருமி ரத்தத்துல தெரியவே இல்ல. இது கொரோனா பண்ற வேலை. கொஞ்சம் சிப்பாய் செத்துருப்பாங்க, கொஞ்சம் பேர் நுரையீரல் பக்கம் சண்டைக்குப் போயிருப்பாங்க. குணமானா திரும்புவாங்க."

"திரும்பலன்னா?"

"மறுபடி எண்ணிப் பாப்போம்."

பொய் சொல்லத் தெரியாதவள். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 19
அக்கா கேட்டில் ஒரு பை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். எங்கள் ஊர் ஜூலைக் குளிருக்குக் கம்பளிச் சட்டை, ஒரு பாட்டில் புளித்த சோளக்கூழ். சுருட்டிய காலுறைக்குள் — என் மாத்திரைகள். தையல் மெஷினுக்கு அடியில் நான் ஒளித்துவைத்தவை.

"எப்ப இருந்து தெரியும்?" என்று போனில் கேட்டேன்.

"அந்த மெஷினைத் தொடைக்கிறது யாரு, நீயா?" இருமினாள். "நீயா சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அழுத்தக்காரி."

"அன்னைக்கு அந்தக் குவளையை எறிஞ்சியே."

"அப்ப எனக்குப் புத்தியில்ல. உன் குவளையை எறிஞ்சேனா?"

இல்லை. ஒரே வீட்டில் இத்தனை வருடம் தனியாக இருந்திருக்கிறேன், அதுவும் வீணாக. அவள்மேல்தான் கோபம் வருகிறது. மீதியை வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

ஜூலை 27
அக்காவைக் கீழ்த்தளத்தில் சேர்த்திருக்கிறார்களாம். கொரோனாதான். பார்க்க விடவில்லை.

ஜூலை 30
போய்விட்டாள். எச்.ஐ.வி. இல்லாதவள். சிப்பாய்கள் எல்லாம் முழுதாக இருந்தவள்.

ஆகஸ்ட் 22
குணமாகி வீடு வந்தவள், இன்று முள்மரக் கிளையோடு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். இறந்த இடத்திலிருந்து ஆவியை அந்தக் கிளையில் ஏற்றி வீட்டுக்கு அழைத்துவர வேண்டுமே, அது எங்கள் வழக்கம். உள்ளே விடவில்லை. கேட்டருகே நின்று, "அக்கா, வா, வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

கிளை ஏந்தியவள் வழியில் வேறு யாரிடமும் பேசக்கூடாது. வேனில் இரண்டு விரலைக் காட்டி அவள் இருக்கைக்கும் சேர்த்துப் பணம் நீட்டினேன். டிரைவர் தலையசைத்து வாங்கிக்கொண்டார். பேச வைத்திருந்த மீதியெல்லாம் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் பதில் பேசாமல் நான் இவ்வளவு பேசியது இதுவே முதல் தடவை.

அக்டோபர் 14
ஐந்நூற்றுப் பத்து. திரும்பிவிட்டார்கள்.

கிளினிக்கில் ஒரு புதுப் பெண் விவரம் கேட்டாள். "வீட்டுல யாருக்காவது விஷயம் தெரியுமாம்மா?"

"அக்காவுக்குத் தெரியும்" என்றேன்.