விளக்கி வைத்த ஓடுகள்

தென்காசி
3-6-83

என் அன்பு மகள் குழல்வாய்மொழிக்கு அம்மா ஆசியுடன் எழுதுவது. இங்கே நான் சுகம், முதுகில் மட்டும் கொஞ்சம் பிடிப்பு. அங்கே பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயல் தாணுவும் முதுகு உட்பட சுகமாயிருக்கக் குற்றாலநாதரை வேண்டிக்கொள்கிறேன். உன் கோபக் கடிதம் வந்தது. லீவுக்குப் பேரனைப் பார்க்க வராமல், சம்பளமும் இல்லாத இடத்தில் உடைந்த சட்டி கழுவ உனக்கு என்ன தலையெழுத்து, உடனே ரயில் ஏறு என்று எழுதியிருக்கிறாய். என் மேல் நீ கோபப்படாமல் வேறு யார் படுவார்கள். ஆனால் இதை முழுவதும் படித்துவிட்டுப் படு.

சீசன் இன்னும் தொடங்கவில்லை, அருவியில் பாறைதான் தெரிகிறது, குற்றாலத்தில் பங்களாக்கள் சும்மா கிடக்கின்றன. அதில் ஒன்றைச் சென்னைக் காலேஜ்காரர்கள் பிடித்து, எங்கேயோ தோண்டி எடுத்த பழங்காலப் பானை ஓடுகளை மூட்டை மூட்டையாக இறக்கியிருக்கிறார்கள். லீவில் இருப்பவர்கள் யாரும் வந்து வேலை பழகலாம், மத்தியானச் சாப்பாடு உண்டு என்றார்கள். ரிட்டயர்டு நர்ஸ் ஜாஹிரா பீவிதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஓடுகளை நனைத்து, மெத்தென்ற பிரஷால் மண்ணை மட்டும் போக்கி, மாடியில் காயப்போட்டு, காய்ந்ததும் மையால் நம்பர் எழுத வேண்டும். என் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது என்று கேலி செய்வாயே, அங்கே அதற்குத்தான் மரியாதை. ஜாஹிரா ஒரு துண்டைக் காதில் வைத்துப் பார்த்து, யக்கா, இதுக்குள்ள சோறு கொதிக்க சத்தம் கேக்கு என்கிறாள்.

போன வாரம் என்ன நடந்தது தெரியுமா. அங்கே எல்லாவற்றுக்கும் பொறுப்பு பஞ்சாபகேசன் என்ற புரொபசர். உன் வயதுதான் இருக்கும், பேசுவதெல்லாம் புத்தகத் தமிழ். நான் காயவைத்த ஒரு தட்டு ஓடுகளைக் காட்டி, ஒவ்வொன்றையும் நன்றாக விளக்கி வையுங்கள் அம்மா, சாயங்காலம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுச் செங்கோட்டைக்குப் போய்விட்டார். பக்கத்தில் ஒரு கட்டுச் சீட்டும் வைத்திருக்கிறார், நான் கவனிக்கவில்லை. பிரஷால் கழுவியது அவருக்குத் திருப்தியில்லை போலிருக்கிறது, நம் கைச்சுத்தத்தைப் பார்க்கட்டும் என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சமையல்கட்டில் சாம்பலும் தேங்காய் நாரும் வாங்கி, நம் வீட்டு ஏனம் பாத்திரத்தை விளக்குகிற மாதிரி விளக்கோ விளக்கென்று விளக்கிவிட்டேன். சில துண்டுகளில் கரி பிடித்திருந்தது, அதையும் விடவில்லை. சாயங்காலம் அவர் தட்டைப் பார்த்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இது பானையில் எந்தப் பாகம், என்ன அடையாளம் என்று சீட்டில் விளக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார் அந்த மனிதர். அடுப்பில் ஏறிய பானை என்பதற்கு அந்தக் கரிதான் சாட்சியாம். மண்ணுக்குள் அத்தனை காலம் அழியாமல் இருந்ததை உன் அம்மா ஒரே மத்தியானத்தில் பளபளவென்று ஆக்கிவிட்டாள். நீங்கதான தம்பி வெளக்கச் சொன்னிய என்றேன். அவருக்கு அப்போதுதான் புரிந்தது, கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும் சிரித்தார். ஆனால் நாளைக்கு வாருங்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தும் எனக்கு அதே யோசனைதான். இனி வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். குழலு, இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். அப்பா போன பிறகு இந்த வீட்டில் விளக்குவதற்கு ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு சட்டி. காலையிலேயே வேலை முடிந்துவிடும், அப்புறம் நாள் முழுவதும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். உன் வீட்டுக்கு வந்தாலோ, சும்மா உட்காரும்மா என்பாய். பாசத்தில்தான் சொல்லுகிறாய், தெரியும். ஆனால் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு அலுத்துவிட்டதடி.

மறுநாள், வேண்டாம்னா அருவிப் பாறையவாவது பாத்துட்டு வருவோம் வாங்கக்கா என்று ஜாஹிரா பஸ் ஏற்றிவிட்டாள். போய்ப் பார்த்தால் நான் உட்காருகிற மணைப்பலகை என் இடத்தில் அப்படியே இருந்தது, பக்கத்தில் அந்தத் தட்டு. புரொபசர் சீட்டையும் பேனாவையும் நீட்டி, நடந்ததை நீங்களே எழுதுங்கள், பின்னால் பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டும், எழுதிவிட்டு அடுத்த மூட்டையைப் பிரியுங்கள் என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. கரி இருந்தது, சாம்பலும் நாரும் போட்டு விளக்கப்பட்டது என்று எழுதினேன். கீழே யார் செய்தது என்று போட வேண்டுமாம். தாணுமாலயன் பிள்ளை சம்சாரம் என்று ஆரம்பித்தேன். உங்கள் பெயர் இல்லையா அம்மா என்றார். அடித்துவிட்டு வடிவாம்பாள் என்று எழுதினேன். அதை நான் கையால் எழுதி எத்தனை காலமாயிற்று. அந்தச் சீட்டு ஓடுகளோடு பையில் சென்னைக்குப் போகிறது. நாமெல்லாம் போன பிறகும் உன் அம்மாவின் முட்டாள்தனம் அங்கே பத்திரமாக இருக்கும்.

நேற்றுத்தான் இந்த வருஷத்துச் சாரல் முதன்முதலாக விழுந்தது, மாடியில் காய்ந்த ஓடுகளை அள்ளிக்கொண்டு புரொபசர் உட்பட எல்லாரும் ஓடினோம். இன்னும் சில மூட்டைதான், முடித்துவிட்டு ஆனி பிறந்ததும் ரயில் ஏறுகிறேன், குற்றாலநாதர் மேல் ஆணை. புளியங்குடி எலுமிச்சையில் ஊறுகாய் போட்டுவிட்டேன். தாணுவை வெயிலில் விடாதே, மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் மூவரும் நூறாண்டு நிறைவாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, நான் வந்தால் உன் வீட்டு ஏனமெல்லாம் என் பொறுப்பு, உட்காரு என்ற பேச்சே கூடாது. கீழே கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று திகைக்காதே, உன் அம்மாதான்.

இப்படிக்கு,
வடிவாம்பாள்