தூண்டில் ரீலும் உப்புத் தண்ணீரும்

மச்சானுக்கு, ஸலாம்.

போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதி உங்கள் தூண்டில் பைக்குள் வைக்கிறேன். ஊருக்கு வந்ததும் அதைத்தானே முதலில் திறப்பீர்கள்.

சவூதிக்குக் கிளம்பும்போது, "ரீலுக்குள்ள கடல் உப்பு இருக்கு. நல்ல தண்ணில அலசி, காயவச்சு, எண்ணெ விடு புள்ள" என்றீர்கள். நான் போர் தண்ணீரில் அலசி அப்படியே வைத்துவிட்டேன். நம் பாளையம்பட்டி போர் தண்ணீர் வாளியிலேயே உப்புப் பூக்கும் என்பது எனக்குத் தெரியாதா? நல்ல தண்ணீர் பிள்ளைக்கு வேண்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குடம் நிறைய இருந்தது, மச்சான்.

நீங்கள் கிளம்புமுன் மீன் பிடிக்கப் போன வாலிநோக்கத்தில், பாறைமேல் உட்கார்ந்திருந்த பிள்ளையின் காலை அலை நனைத்ததும் நான் கத்தினேன். "கடலு பிள்ளையத் தூக்கிட்டா போயிரும், பயந்தாங்கொள்ளி?" என்று சிரித்தீர்கள். ரீல் இறுகிப்போனால் மறுபடி அங்கே போகமாட்டீர்கள் என்று நினைத்துத்தான் அப்படிச் செய்தேன்.

நேற்று போனில் மகளிடம், "வாப்பா வாரேன், மீன் பிடிக்கச் சொல்லித் தாரேன்" என்றீர்கள். அவள் வீடெல்லாம் குதித்தாள். போய் ரீலை எடுத்தேன். கைப்பிடி அசையவில்லை. கழற்றித் துருவைத் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவி, எண்ணெய் விட்டேன். இப்போது சுற்றுகிறது. கரகரவென்ற சத்தம் மட்டும் போகவில்லை.

அவளைக் கூட்டிப் போங்கள். நானும் வருகிறேன். நீங்கள் ரீலைச் சுற்றுங்கள், அவள் கையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

உங்கள்
பயந்தாங்கொள்ளி