இடது முன்சக்கரம் மடங்கிய ஞாயிற்றுக்கிழமை

காஜா பேராங்,
மலாக்கா.
14-6-1964

அன்புள்ள மகன் தியாகுவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், என் வலது முட்டியைச் சேர்க்காமல். புருணையில் நீயும் சிவகாமியும் பேரப்பிள்ளைகளும் சுகமா, சின்னவனுக்கு இருமல் விட்டதா என்று எழுது. உன் கடிதம் புதன்கிழமை வந்தது. உன் சிநேகிதன் உனக்கு எழுதியதை நீ சந்தோஷமாக அப்படியே எடுத்து எழுதியிருந்தாய். அவன் அம்மா மனசு இறங்கிவிட்டாளாம், தம்பின் ஊரில் ஒரு ஜோசியர் சொன்னபடி மல்லிகா ஒரு பரிகாரம் செய்துவிட்டால் போதுமாம், ஆவணியில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாமாம், என்னம்மா சொல்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். ஒரு வார்த்தையில் பதில் எழுதிவிடுவேன். ஆனால் அவர்கள் பூ வைக்க வந்த அன்றைக்கு நீ இங்கே இல்லை. இருந்தவர்கள் யார் யார் என்றால் நான், உன் தங்கை மல்லிகா, உன் தம்பி பொன்னுதுரை, உன் மாமா சேதுபதி, காடி ரிப்பேர் பார்க்கிற போமன் தேவதாஸ், சிரம்பானிலிருந்து வந்த பூங்காவனம், அவள் மகனாகிய உன் சிநேகிதன். வேறு யாரும் இல்லை. எதிர்வீட்டு பாக்கியலட்சுமி தானும் இருந்ததாக ஊரெல்லாம் சொல்கிறாள், அவள் சத்தம் கேட்ட பிறகு வந்தவள்.

நீ விட்டுப்போன காடியில் அந்த மாதம் முழுக்க ஒரு சத்தம். குழியில் இறங்கினால் முன்பக்கம் டொக் டொக்கென்று தட்டும். பொன்னுதுரை அதில்தானே புக்கிட் காதில் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறான், பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்குத் தாளம் போடுகிறார்கள் என்று சொல்லிச் சிரித்தான், நான் சிரிக்கவில்லை. தேவதாஸைக் கூப்பிட்டேன். செட்டிக் கம்பத்து ஆள், நம்மைப் போலவே சாமி கும்பிடுவான், திருநீறு பூசுவான், பேசுவது மட்டும் மலாய். அவன் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிக் காட்டினான், கிழவி பல்லைப் போல ஆடியது. பால் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டதாம். அது ஒன்றுமில்லை, நம் இடுப்பில் ஒரு குமிழ் குழிக்குள் உட்கார்ந்து திரும்புகிறதல்லவா, அதைப் போலச் சக்கரத்துக்கு மேலே ஒன்று கீழே ஒன்று, சக்கரத்தைக் காடியோடு பிடித்துவைத்திருப்பது அதுதான். தேய்ந்தால் மனுஷனுக்கு மாற்ற முடியாது, காடிக்கு மாற்றலாம். பண்டார் ஹிலிர் சாமான் கடையில் புதுசு வாங்கிவந்து ஞாயிறு காலையில் வீட்டு முன்னாலேயே வேலையைத் தொடங்கினான். பூ வைக்க வருகிற நாளிலா இதைச் செய்வது என்று நீ கேட்பாய். பூ வைத்த கையோடு பெண்ணைக் காடியில் ஏற்றிக் கோவிலுக்குப் போகவேண்டும் என்று சொல்லி அனுப்பியவள் பூங்காவனம், வெள்ளிக்கிழமைதான் சொல்லி அனுப்பினாள். தட்டுகிற காடியில் சம்பந்தியை ஏற்றக்கூடாது என்பது என் மரியாதை.

பழைய ஜாயிண்ட் லேசில் கழன்றுவரவில்லை. தேவதாஸ் இரண்டு சுத்தியலால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அடித்து அடித்து ஒவ்வொன்றாக எடுத்தான், அடுக்களையில் என் டம்ளரெல்லாம் ஆடின. அவர்கள் வந்து சேர்ந்தபோது வலது பக்கம் முடிந்து இடது பக்கத்தில் கீழே உள்ளது ஒன்றுதான் பாக்கி. பூங்காவனத்தை எனக்கு எஸ்டேட்டில் லயத்தில் இருந்த காலத்திலேயே தெரியும், என் குத்துவிளக்கை இரவல் வாங்கிப்போய் முகத்தை நசுக்கித் திருப்பிக் கொடுத்தவள், இன்றைக்கும் அந்த விளக்கு ஒரு பக்கமாகத்தான் எரிகிறது. அதை நான் வாய் திறந்து சொல்லவில்லை. பலகாரம் வைத்தேன், பசியாறினார்கள், பூங்காவனம் மல்லிகா தலையில் பூ வைத்தாள், எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. உன் சிநேகிதன் மட்டும் உள்ளே உட்காரவில்லை. சிரம்பானில் பஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிற கிராணி வேலை பார்ப்பதால் வண்டி எல்லாம் அவனுக்கு அத்துப்படி என்று தேவதாஸ் பக்கத்திலேயே குந்தியிருந்தான். ஜன்னலில் மல்லிகா நிற்கிறாள் என்பதும் அவனுக்குத் தெரியும்.

கடைசி ஜாயிண்டை உட்காரவைத்து அதன் நட்டை தேவதாஸ் விரலால் இரண்டு சுற்று மட்டும் ஏற்றினான். அதற்கு மேல் இறுக்கப் போனால் தண்டும் சேர்ந்து சுழன்றதாம், கையில் இருந்த ஸ்பானர் போதவில்லை, பெரியது எடுத்துவர சைக்கிளில் கம்பத்து வீட்டுக்குக் கிளம்பினான். இறுக்கிய பிறகு நட்டு கழலாமல் குறுக்கே ஒரு பின்னும் செருகவேண்டும், அதை அங்கேயே தகர டப்பா மேல் வைத்தான். போகும்போது ‘புலோம் சியாப் மாமி, ஜங்கான் ஊசிக்’ என்று என்னிடம் சொன்னான். இன்னும் முடியவில்லை, தொடவேண்டாம் என்று. உன் சிநேகிதனும் கேட்டான், அவனுக்கு மலாய் என்னைவிட நன்றாகவே வரும். நான் பூத்தட்டை எடுக்க உள்ளே போனேன். உன் மாமா சேதுபதிக்கு அன்றைக்கு மூளை முழுக்கக் கைக்கடிகாரத்தில். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரைக்கு, அதற்குள் சக்கரம் எலுமிச்சம்பழத்தில் ஏறி வாசலைத் தாண்டவேண்டும். ‘மாப்ள, போமனைக் காணோமே, உங்களுக்குத்தான் காடி தெரியுமில்ல, கொஞ்சம் பாருங்களேன்’ என்றிருக்கிறான். மாப்பிள்ளை பார்த்துவிட்டார். நான் தட்டோடு வெளியே வரும்போது சக்கரம் மாட்டியாகிவிட்டது, ஜாக்கி இறங்கியாகிவிட்டது. தேவதாஸ் வந்துட்டானா என்று கேட்டேன். ‘வந்து முடிச்சிட்டுப் போயிட்டாரு அத்தை, நான் கூடவே இருந்து பாத்தேன், கெளம்பலாம்’ என்று உன் சிநேகிதன் சொன்னான். இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள், நான் வைத்திருக்கிறேன்.

பொன்னுதுரை ஓட்டினான், பின்னால் பூங்காவனம், நடுவில் மல்லிகா, இந்தப் பக்கம் நான், என் மடியில் தட்டு. எலுமிச்சம்பழம் நாலும் நன்றாகவே நசுங்கின, அதில் குறை சொல்ல முடியாது. வாசல் சாக்கடை மேல் போட்ட பலகையில் முன்சக்கரம் ஏறி இறங்கியது. படக்கென்று ஒரு சத்தம், காடி இடது பக்கம் சாய்ந்து மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டது. தேங்காய் உருண்டு பூங்காவனம் காலடியில் போய் நின்றது. யாருக்கும் கீறல்கூட இல்லை. இறங்கிப் பார்த்தால் சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிக் கிடக்கிறது. அந்த நேரத்தில் தேவதாஸ் பெரிய ஸ்பானரோடு வந்து சேர்ந்தான். முனையில் திரும்பும்போதே போகாதே போகாதே என்று கத்தினானாம், எலெக்‌ஷன் ஜீப்பு ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு சடக்கு ரோட்டில் போய்க்கொண்டிருந்ததில் எங்கள் காதில் விழவில்லை.

பூங்காவனம் தேங்காயைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள், பிறகு மல்லிகா காலைப் பார்த்தாள். ‘பூ வச்சு மொத மொத ஏறி உக்காந்ததுக்கே சக்கரம் கழண்டுச்சே சம்பந்தி, இந்தக் காலு நாளைக்கு எங்க வீட்டுப் படியேறுனா என்னா ஆவும்’ என்றாள். நான் சொன்னேன், காலு மேல ஒன்னும் இல்ல, நட்டை இறுக்காம ஜாக்கியை எறக்கிட்டாங்க, போமன் வர்றதுக்கு முன்னாலயே, உங்க மகனையே கேளுங்க. அவளும் கேட்டாள், அதை மறைக்கமாட்டேன். ‘ஏண்டா, நீயா எறக்குன’ என்று கேட்டாள். உன் சிநேகிதன் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, ‘நான் சும்மா பாத்துக்கிட்டுத்தான்மா இருந்தேன்’ என்றான். மல்லிகா அவனுக்கு எதிரே நின்றாள். ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தவள் அவள், பார்த்தவள் என்று அவனுக்கும் தெரியும். சேதுபதி என் முழங்கையைக் கிள்ளி, சும்மா இரு அக்கா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்றான். தேவதாஸ் என்ன நினைத்தானோ, ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, சாயா புன்யா சாலா, தப்பு என்னுடையதுதான், பெண்ணை ஒன்றும் சொல்லாதீர்கள் என்று பூங்காவனத்திடம் கும்பிட்டுச் சொன்னான். ‘நீ என்னாப்பா செய்வ, அவ ராசி அப்படி’ என்று அவனுக்கு ஆறுதல் சொன்னாள்.

சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஆப்பிள் திராட்சை எல்லாம் எடுத்துக்கொண்டார்கள், வாழைப்பழத்தை விட்டுவிட்டார்கள், நன்றாக இருந்தது. கிளம்பும்போது பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லவேண்டுமல்லவா, அதற்குக் கையைப் பைக்குள் வைத்துக்கொண்டிருக்க முடியாது. உன் சிநேகிதன் என் முன்னால் வந்து நின்று கையை வெளியே எடுத்துக் கூப்பினான். விரல் பத்திலும் கிரீஸ், மணிக்கட்டு வரை கறுப்பு. நான் பார்த்தேன், மல்லிகா பார்த்தாள், பூங்காவனமும் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் முந்தானையால் அவன் கையைத் துடைத்துக்கொண்டே டாக்சிக்கு நடந்தாள்.

அதன் பிறகு இங்கே நடந்ததை யாரும் உனக்கு எழுதவில்லை. காடியைக் கவிழ்த்த கால் என்று உன் தங்கைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். செங் ஊரிலிருந்து பெண் கேட்டு வந்தவர்கள் பாக்கியலட்சுமி வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு நம் வீட்டுக்கு வராமலே திரும்பினார்கள். கோவிலில் பிள்ளை உண்டாகியிருக்கிற ஒரு பெண்ணை அவள் மாமியார் மல்லிகா பக்கத்தில் உட்காரவிடாமல் நகர்த்தினாள், அந்த மாமியார் பெயர் எனக்குத் தெரியும், வேறொரு கடிதத்துக்கு வைத்திருக்கிறேன். உன் கடிதத்தை மல்லிகாவிடமே படிக்கக் கொடுத்தேன். படித்து மடித்து வைத்துவிட்டு, ‘காடி விழுந்ததுக்கு எனக்குக் கோவம் இல்லம்மா, என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொன்னாருல்ல, அதுதான்’ என்றாள். பிறகு துணி துவைக்கப் போய்விட்டாள். அவள் துவைக்கிற சத்தம் அன்றைக்கு வழக்கத்தைவிடப் பலமாக இருந்தது.

தேவதாஸ் மறுநாளே வந்து எல்லாவற்றையும் சரிசெய்தான், நட்டை இறுக்கி, பின் செருகி, அதன் நுனியை மடக்கி என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னான், முட்டி வலியோடு குனிந்து பார்த்தேன். இப்போது ஒரு சத்தமும் இல்லை, பிள்ளைகளுக்குத்தான் தாளம் போட வழியில்லை. சேதுபதி அவசரப்படுத்தியது தப்பு, அவனோடு ஒரு மாதம் பேசவில்லை, பிறகு பேசிவிட்டேன், அவன் பிறந்ததிலிருந்தே அப்படி. பூங்காவனம் உண்மை தெரிந்தும் பிள்ளையை மறைத்தாள், நானாக இருந்தால் உன்னை விட்டுக்கொடுத்திருப்பேனா, அதனால் அதையும் விட்டுவிடுகிறேன், விளக்கு கணக்கு தனி. ஆனால் நீ எழுதியிருக்கிறாயே பரிகாரம் என்று, இரண்டு மாதம் யோசித்து அவன் உனக்கு எழுதிய கடிதத்திலும் அந்த ஜாக்கியைப் பற்றி ஒரு வரி இல்லை. மல்லிகா விரதம் இருக்கவேண்டுமாம், மல்லிகா விளக்குப் போடவேண்டுமாம். பரிகாரம் செய்தால் குற்றம் அவள் காலில்தான் இருந்தது என்று நாமே ஊருக்கு எழுதிக்கொடுத்த மாதிரி. ஜாக்கிக்கு வேண்டுமானால் செய்யட்டும், காடியின் பின்பெட்டியில்தான் இருக்கிறது, கொடுத்தனுப்புகிறேன். வேண்டாம் என்று அவனுக்கு எழுதிவிடு. ஏன் என்று கேட்டால் எழுதாதே, அவனுக்குத் தெரியும்.

நீயும் சிவகாமியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல், கண்திருஷ்டி படாமல் நல்லபடியாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விட்டுவிடாதே. நீ ஏறுகிற கம்பெனி ஜீப்பின் முன்சக்கரத்தையும் ஒரு தடவை ஆட்டிப் பார்க்கச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா அஞ்சலை

கடிதம் முழுக்க உன் சிநேகிதன் என்றே எழுதியிருக்கிறேன். மரியாதைக்காக இல்லை, பெயரை எழுதக் கை வரவில்லை. ஆனால் நாளைக்கு அம்மா யாரைச் சொன்னாள் என்று ஒருவருக்கும் சந்தேகம் வரக்கூடாது. நான் சாகிற வரை மன்னிக்கப்போவதில்லை என்பது ஒரே ஒரு ஆளைத்தான். மருதமுத்து.