வீரம்மாள் கப்பல் ஏறாத காரணம்

ரோலா, ஷார்ஜா
17.3.2006

அன்பு மகள் சந்தியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், சிங்கப்பூரில் உனக்கும் உடம்பும் வேலையும் சீராக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, லிஃப்டைச் சரி செய்துவிட்டார்கள். ஆவணக் காப்பகத்தில் நீ எடுத்து அனுப்பிய நகல்கள் போன மாதமே வந்துவிட்டன, போனில் சொன்னால் துண்டு துண்டாகப் போகும் என்றுதான் எழுதுகிறேன். என் தாத்தாவுக்குத் தாத்தா அம்மையப்பன் வெள்ளைக்கார அதிகாரியை அடித்து நாடு கடத்தப்பட்டார், கப்பலிலேயே செத்தார் என்றுதான் நம் வீட்டில் சொல்லி வந்தார்கள். இங்கிலீஷ் தாள்களில் அப்படி இல்லை. 1849-இல் வயலுக்குத் தண்ணீர் திருப்பிய சண்டையில் கூடப் பிறந்த தம்பி கதிர்காமுவை மண்வெட்டியால் அடித்துக் கொன்றிருக்கிறார். மதுரைக் கோர்ட்டில் ஆயுள் தண்டனை விதித்து நாடு கடத்தியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் பன்னிரண்டு வருஷம் கைதியாக ரோடு போட்டு, நன்னடத்தைக்காக வெளியே விட்டதும், மனைவி வீரம்மாளையும் மகனையும் அனுப்பி வைக்கும்படி மனுப் போட்டிருக்கிறார்.

உனக்குப் புரியவில்லை என்ற அந்தத் தமிழ்த் தாள் எனக்கும் புரியவில்லை. இங்கே டைப்பிங் சென்டர் வைத்திருக்கும் கௌஸ் முகைதீன் பாய் ஊரில் பத்திரம் எழுதியவர், பழைய கையெழுத்துப் படிப்பார். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து எழுத்தெழுத்தாகப் படித்துச் சொன்னார். அது மனுவுக்கு வீரம்மாளின் பதில், ஊர் மணியக்காரர் அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறார். "அவுக தம்பியக் கொன்னுபுட்டுப் போயிட்டாக. கதிர்காமு பொஞ்சாதி புள்ளையோட என் வீட்லதான் இருக்கா. அவளுக்கு வேற நாதி இல்ல. அவள விட்டுட்டு நான் கப்பல் ஏற மாட்டேன்." பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்தப் பொம்பளயப் பத்தி உங்க வீட்ல யாராச்சும் சொல்லிருக்காகளா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

பெரியப்பா சித்திரையில் அம்மையப்பனுக்கு, வெள்ளையனை எதிர்த்த வீரர் என்று ஊரில் கல் நாட்டப் போவது உனக்குத் தெரியும். விஷயத்தைப் போனில் சொன்னேன். "கல்லுல எழுத்து வெட்டியாச்சு. அங்க உக்காந்துக்கிட்டு குடும்ப மானத்த வாங்காத" என்று போனை வைத்துவிட்டார். மறுநாளே அந்தத் தமிழ்த் தாளின் நகலோடு பாய் படித்துச் சொன்னதையும் எழுதி அவருக்குத் தபாலில் சேர்த்தேன். அதன்பிறகு இரண்டு வாரம் பேச்சில்லை, இருக்கிற ஒரே அண்ணனையும் பகைத்துக்கொண்டீர்கள் என்று அம்மா என்னைத்தான் திட்டினாள். நேற்றுக் காலை அவரே கூப்பிட்டார். "வீரம்மா வச்சுக் காப்பாத்துனாளே, அவ பேரு என்னடா?" என்றார். தாளில் இல்லை என்றேன். அதற்கு அவர், பழைய கல் வேண்டாமென்று சொல்லிவிட்டேன், புதுக் கல்லில் கதிர்காமு பேரும் வீரம்மாள் பேரும் வரும், கீழே ஒரு பேருக்கு இடம் விட்டு வெட்டச் சொல்லியிருக்கிறேன் என்றார்.

லீவு கிடைக்கும்போது அந்தப் பெயரை இன்னொரு தரம் தேடிப் பார். கிடைக்காவிட்டால் மனம் உடையாதே, தேடினோம் என்று இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. நீ நீடூழி நன்றாக இருக்க எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு
உன் அப்பா
ரகுநாதன்