இலங்கைக் குடிமகள் ஒருத்தி

அக்கா,

இன்று வட்டகொடைக் கடையில் வாங்கிய கருவாட்டைப் பிரித்தேன். சுற்றியிருந்த பத்திரிகைத் தாளில் அந்த அமெரிக்க ஜனாதிபதியின் படம். கீழே, "நாடு உனக்கு என்ன செய்யும் என்று கேட்காதே, நாட்டுக்கு நீ என்ன செய்வாய் என்று கேள்." தாளைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே அழுதுவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால், "மொதல்ல கொழம்ப வையிடி" என்றிருப்பீர்கள்.

பிள்ளைக் காம்பராவில், தேயிலைக் கொழுந்தெடுக்கப் போன தாய்மாரின் குழந்தைகளைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே நாம் பத்திரிகை படிப்போம். இந்த வாசகத்தை முதன்முதலில் பார்த்த அன்று துள்ளி எழுந்தீர்கள். உங்களிடமிருந்த அட்டை போன மொழிபெயர்ப்புப் புத்தகத்தில் ஏறக்குறைய இதே வரி இருந்தது.

"எழுதுன கவிஞன் பேரு கிழிஞ்சு போச்சு. அதுக்காக வேறொருத்தர் பேரப் போட்டுக்கிறதா? பத்திரிகைக்கு எழுதணும்டி."

என் கையெழுத்து நன்றாக இருக்குமென்று, நீங்கள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். கடைசியில் "இலங்கைக் குடிமகள் ஒருத்தி" என்று போடச் சொன்னீர்கள். எனக்குப் பகீரென்றது. நாற்பத்தெட்டில், இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி, நம் தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமையைப் பிடுங்கியிருந்தார்கள். அதைக் கேட்டு நீங்கள் போட்ட மனு இன்னும் கொழும்பில் கிடந்தது. இந்தச் சொல்லைப் பார்த்து எவனாவது வில்லங்கம் பண்ணினால்? நீங்கள் பால் காய்ச்சப் போன நேரத்தில் வேறு தாள் எடுத்து, "தோட்டத் தொழிலாளி ஒருத்தி" என்று மாற்றி எழுதித் தபாலில் போட்டுவிட்டேன்.

கடிதம் அச்சில் வந்த அன்று காம்பரா கல்யாண வீடாக இருந்தது. சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தவர் கடைசி வரியில் நிறுத்தினீர்கள்.

"நாடுதான் அந்தப் பேரக் குடுக்கல. நீயாவது விட்டு வச்சிருக்கலாம்ல?"

"பயமா இருந்துச்சுக்கா. மனுவைத் தள்ளிட்டாங்கன்னா?"

"தள்ளிட்டா அப்புறம் அந்தப் பேர நான் எங்கடி போடுவேன்?"

தள்ளித்தான் விட்டார்கள். என் பயத்தால் உங்களுக்கு ஒரு மண்ணும் ஆகவில்லை. இந்தியாவுக்குக் கப்பலேற ரயிலுக்கு நின்றபோதும் நீங்கள் என்னை ஏசவில்லை. "புள்ளைகளுக்குப் பால் நேரமாச்சு, போடி" என்று துரத்தினீர்கள். மன்னிப்புக் கேட்க வந்த நான் அப்படியே திரும்பினேன்.

போன மாதம் உங்கள் தங்கச்சியின் கடிதம் வந்தது. மூன்று நாள் காய்ச்சலாம், போய்விட்டீர்களாம். திருச்சிப் பக்கத்து அந்த ஊரில் கடைசிவரை உங்களைப் பெயர் சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லையாம். "சிலோன்காரி" என்றுதான் கூப்பிட்டார்களாம்.

ஏளனமாகவாவது அவர்கள் அந்தப் பேரைத் தந்தார்கள், அக்கா. பாசத்தோடு அதைப் பறித்தவள் நான்.