பத்து நாள் பொறுப்பு

ஆகஸ்ட் 8, வெள்ளி. தாம்பரம்.

பிரதமர் திடீரென்று இறந்துவிட்டால், புதியவர் வரும்வரை இடைக்காலப் பிரதமர் ஒருவர் பொறுப்பில் இருப்பார் என்று இன்று பத்தாம் வகுப்பில் நடத்தினேன். "நம்ம விமலா மிஸ் மாதிரியா மிஸ்?" என்றாள் ஒருத்தி.

எங்கள் தலைமையாசிரியர் மாரடைப்பில் போய் ஒன்பது நாள் ஆகிறது. நிர்வாகம் பொறுப்பை விமலாவிடம் கொடுத்துவிட்டது. என்னைவிட நான்கு வருடம் ஜூனியர். மதியம் என் விடுப்புக் கடிதத்தில், தலைமையாசிரியர் மட்டுமே போடுகிற பச்சை மையில் கையெழுத்துப் போட்டாள். கீழே 'பொறுப்பு' என்றுகூட எழுதவில்லை.

"திங்கக்கிழமை புது எச்.எம். வந்துடுவார்க்கா. அப்புறம் நானும் உங்க பக்கத்து சேர்தான்" என்று சிரித்தாள்.

சாரின் சாவுக்குப் போய்த் திரும்பும்போதே ஸ்டேஷன் அருகில் ஒரு பச்சைப் பேனா வாங்கிவிட்டேன். இதை அதில்தான் எழுதுகிறேன்.