பிலோமினா பெரிய ரோட்டால் போகிறாள்

என் அன்பு மச்சான் மனுவேலுக்கு,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் ரோட்டுகள் எப்படி? தாரா, கிரவலா? மேடு அதிகமா? சுவாமியாரிடம் கேட்டுப் பார்த்தேன். மோட்சத்தைப் பற்றி நிறையச் சொன்னார், ரோட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. உன்னை எனக்குத் தெரியும். இந்த இரண்டு வருடத்தில் சம்மனசுகளும் போகாத ஒரு ஒழுங்கையை நீ கண்டுபிடித்திருப்பாய்.

இதைக் கோயில் பத்திரிகையில் போடச் சொல்லிக் கேட்கப்போகிறேன். ஆகையால் கொட்டாஞ்சேனை முழுவதும் ஒட்டுக்கேட்கும். வாசிக்கிறவர்களுக்காக ஒரு வரி: மனுவேல் துறைமுகப் பண்டகசாலையில் என்னோடு வேலை செய்தவன். என் மூத்த மகள் பிலோமினாவுக்கு ஞானத்தகப்பன். நெருப்புக்காய்ச்சல் வந்து ஒன்பதாம் நாள் எங்களை விட்டுப் போனவன். நான் சூசை, ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மச்சான், ஞாயிற்றுக்கிழமை முதற் பூசை முடிந்ததும் சைக்கிளில் விக்டோரியா பாலத்தைத் தாண்டி, நீர்கொழும்பு ரோட்டை விட்டு விலகி, ஹெந்தலைப் பக்கம் கால்வாய்க் கரையைப் பிடிப்போமே. பத்து வருடம். நீ முன்னுக்கு, நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னுக்கு. ஒரு ரோட்டு நல்ல ரோட்டா என்று பார்க்க உன்னிடம் சோதனைகள் இருந்தன. நடு ரோட்டில் நாய் படுத்திருக்க வேண்டும், பெல் அடித்தாலும் அது எழும்பக்கூடாது. பாய் விரித்து நெல் காயப்போட்டிருக்க வேண்டும். மாட்டுவண்டிச் சில்லுகள் போன இரண்டு கோட்டுக்கும் நடுவே புல் முளைத்திருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் தொப்பியைக் கழற்றுவாய். அந்த ஊறவைத்த தேங்காய் மட்டை நாற்றத்தில்கூட நீ ஏதோ பன்னீர் தெளித்ததுபோல மூச்சை இழுப்பாய்.

இனி ஒரு குற்றத்தைச் சொல்கிறேன். உன் மனைவி தந்த உன் சைக்கிளின் நடுக்கம்பியை வெட்டிவிட்டேன். கவுன் போட்ட பிள்ளை அந்தக் கம்பிக்கு மேலால் காலைப் போட முடியுமா? மாளிகாவத்தையில் சைக்கிள் திருத்துகிற முஸ்லிம் நானாதான் வெட்டிக் கீழே இறக்கி ஒட்டித் தந்தார். "மௌத்தான மனுசன் வந்து கேட்டா நான் உங்களத்தான் கையக் காட்டுவன்" என்றார். கேட்க வருவதென்றால் நேரே என்னிடமே வா.

சைக்கிள் பிலோவுக்கு. மதர்மாரின் பள்ளிக்கூடம் யுத்தத்துக்காக ஆற்றுக்கு அப்பால் ஒரு தென்னந்தோட்டத்துக்குப் போய்விட்டது. சின்ன வகுப்புக்கு அவளை ரீச்சராகக் கேட்டிருக்கிறார்கள். பெற்றோல் இல்லாத காலம், பஸ் தான் நினைத்த நாளில்தான் ஓடும். சைக்கிளில் வர தகப்பன் சம்மதம் என்று ஒரு கடிதம் வேண்டும், வராவிட்டால் வேலை வேறொரு பிள்ளைக்கு என்று மதர் சொல்லிவிட்டார்.

எங்கள் தெருவில் பெண்பிள்ளை சைக்கிள் ஓடி யார் கண்டது? லொறி மோதினாலும் கோயில் வாசலில் கதைப்பார்கள், மோதாவிட்டாலும் கதைப்பார்கள். அப்போதுதான் உன் ரோட்டுகள் ஞாபகம் வந்தன. ஆள் இல்லாத ரோட்டில் போனால் வாயும் இல்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

போன ஞாயிறு பழக்கப்படுத்தக் கூட்டிக்கொண்டு போனேன். பாலம் வரைக்கும் சைக்கிளை நான் தள்ளினேன், அவள் பின்னால் நடந்து வந்தாள். அப்பால் போனதும் கால்வாய்க் கரையில் ஏறி ஓடினாள் பார், என்னை விட நன்றாக ஓடுகிறாள். என்னை விட நன்றாக ஓடுவது பெரிய காரியமில்லை என்று நீ சொல்வாய்.

ஒரு வளைவில் எதிரே நம்முடைய பண்டகசாலைப் பெரிய கிளாக்கர் வந்தார். சரியான பெயரைப் போட்டால் பத்திரிகைக்காரர் வெட்டிவிடுவார், பஸ்தியான் அண்ணை என்று வைத்துக்கொள்வோம். கையில் கடதாசி சுற்றிய போத்தல் ஒன்று. அதில் என்ன இருந்தது என்று நான் எழுத மாட்டேன். கண்ணில் படக்கூடாதவர்கள் எல்லாரும் தேடி வருகிற இடம் ஆளில்லாத ரோட்டுத்தான் என்பது எனக்கு ஏன் முன்னமே தோன்றவில்லை?

"என்ன சூசை, இந்தப் பக்கம்?"

"சும்மா காத்து வாங்க வந்தனான் அண்ணை."

"முன்னால சைக்கிள்ல போன பெட்டை ஆர்? உம்மட ஆளோ?"

"சீ, தெரியாது அண்ணை. இந்த ஊர்ச் சிங்களப் பிள்ளை போல."

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. பிலோ தூரம் போகவில்லை, மச்சான். வளைவுக்கு அப்பால் மூங்கில் பற்றைக்குப் பின்னால் எனக்காகக் காத்து நின்றிருக்கிறாள். சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். என் முகத்தை நேரே பார்த்துச் சிங்களத்தில் கேட்டாள்:

"மாத்தையா, கொட்டஹேனட்ட யன பார கோக்கத?"

ஐயா, கொட்டாஞ்சேனைக்குப் போகிற ரோட்டு எது என்று, பெற்ற தகப்பனிடம். பஸ்தியான் அண்ணைதான் மரியாதையாக நீர்கொழும்புப் பெரிய ரோட்டைக் காட்டினார். அவள் ஏறி ஓடிவிட்டாள்.

வீட்டில் மூன்று நாள் நான் மாத்தையாதான். "மாத்தையா, சோறு போடட்டோ?" "மாத்தையா, குடையை விட்டிட்டுப் போறியள்." என் மனைவிக்கு முதலில் சிரிப்பு. காரணம் தெரிந்ததும் அவளும் என்னோடு கதைக்கவில்லை.

நாலாம் நாள் பின்னேரம் பிலோ தானாக வந்து எதிரே இருந்தாள்.

"அப்பா, மதருக்குக் கடிதம் தந்தா நான் பெரிய ரோட்டாலதான் போவன்."

"கால்வாய்க் கரைக்கு என்ன குறை? ஒரு மோட்டார் வராது, ஒரு மனிசனும் வரமாட்டான்."

"அதுதான் குறை. விழுந்தா ஆர் தூக்கிறது? ஆரும் மறிச்சா ஆரைக் கூப்பிடுறது?"

"மனுவேல் மாமாவும் நானும் பத்து வருசம் போனனாங்கள். ஒருத்தரும் மறிக்கேல்லையே."

"உங்களை மறிச்சு என்ன செய்யிறது அப்பா?"

குசினிக்குள் என் மனைவி சிரித்தது கேட்டது. அந்த ஞாயிறு என்னை விட்டுப் பெரிய ரோட்டால் தனியே திரும்பி வரும்போது பேலியகொடையில் சங்கிலி கழன்றதாம். தேத்தண்ணிக் கடைக்காரர் மாட்டிக் கொடுத்து, "பரிஸ்ஸமென் யண்ட நங்கி," கவனமாகப் போ தங்கச்சி என்று அனுப்பினாராம். செவ்விளநீர் விற்கிற மனுசி முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தாளாம். பாலத்தில் காவல் நிற்கிற பொலிஸ்காரர் லொறியை நிறுத்தி வழி விட்டாராம்.

அடுத்த நாள் வேலை முடிந்து அந்த ரோட்டில் நானும் என் சைக்கிளில் ஓடிப் பார்த்தேன். நீயும் நானும் எப்போது முடியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கடந்த ரோட்டு அது. தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினேன். இளநீர்க்காரியைக் கண்டேன். மரத்தடியில் ஒருவர் சைக்கிளுக்கு ஒட்டுப் போடுகிறார். தையற்காரர் மெஷினை வாசலில் போட்டுக்கொண்டு போகிற வருகிறவர்களை எல்லாம் பார்க்கிறார். இத்தனை கண்களை நான் முன்னே எண்ணியதில்லை.

அதிலிருந்து ஒரு கேள்வி என்னைக் குடைகிறது, உனக்குத்தான் விடை தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பத்து வருடத்தில் கால்வாய்க் கரையில் தனியே போகிற ஒரு பெண்ணை நாங்கள் கண்டோமா? இரண்டு மூன்று பேராகப் போகிறவர்களைக் கண்டது ஞாபகம் இருக்கிறது. தனியே ஒருத்தி? நாயைப் பார்த்தோம், நெல்லைப் பார்த்தோம், புல்லைப் பார்த்தோம். இதைப் பார்த்தோமா, மனுவேல்?

வெள்ளிக்கிழமை மதருக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். கதை முடிந்தது என்று நினைத்தேன்.

இன்று காலை பூசை விட்டு வருகிறோம். கோயில் வாசலில் பத்துப் பேருக்கு நடுவே பஸ்தியான் அண்ணை மெதுவாகக் கேட்டார். "சூசை, கால்வாய்க் கரையில கண்ட அந்தச் சிங்களப் பிள்ளை நேற்று உம்மட படலையைத் திறந்து சைக்கிளோட உள்ள போச்சுது. சொந்தமோ?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் வானத்தைப் பார்த்து, "மழை வரும்போல கிடக்கு அண்ணை" என்றேன். பிலோ தாயோடு பக்கத்தில் நின்றாள். இந்தத் தரம் சிங்களத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தலையில் போட்டிருந்த லேஸை முன்னுக்கு இழுத்துக்கொண்டு நடந்தாள், அவ்வளவுதான். மாத்தையா என்று கூப்பிட்டிருந்தாலும் நல்லது என்று இருந்தது.

இராயப்பர் ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தார். எனக்கு இரண்டு முடிந்துவிட்டது. மூன்றாவதற்கு இடம் வைக்காமல்தான் வீட்டுக்கு வந்ததும் பேனையை எடுத்தேன். வாசலில் விழுங்கியதை அச்சில் போட்டால், பிறகு வானத்தைப் பார்த்துத் தப்ப முடியாது அல்லவா?

நாளைக்குத் திங்கட்கிழமை. பண்டகசாலைக்காரர் எல்லாரும் ரோட்டில் இறங்குகிற நேரத்தில் அவள் புறப்படுகிறாள். கோயில் வாசலைத் தாண்டி, நடு ரோட்டால், நானும் பாலம் வரைக்கும் என் சைக்கிளில் பக்கத்தில் ஓடுவேன். யார் கேட்டாலும் பெயரைச் சொல்வேன், கேட்காதவர்களுக்கும் சொல்வேன். பாலத்துக்கு அப்பால் அவள் தனியே போவாள். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
உன் ஞானமகள் பிலோமினா ரீச்சரின் அப்பா,
சூசை, கொட்டாஞ்சேனை